ஒரு டப்பா நிறையச் சாவி: எது எந்தப் பூட்டுக்கு?

காங்கயத்துக்காரன் (இழையைத் தொடங்கியவர்)

அப்பாவுக்கு முழங்கால் வலி அதிகமாகிவிட்டது. அவரும் அம்மாவும் தோட்டத்தை விட்டு ஊருக்குள் இருக்கும் வீட்டுக்கு வந்துவிட்டார்கள். சாளை (தோட்டத்து வீடு), மோட்டார் ரூம், தவசம் (தானியம்) போடும் அறை, மாட்டுக் கொட்டகை, இட்டேரியில் (வேலிகளுக்கு நடுவே போகும் மண்பாதையில்) இருக்கும் கம்பிக் கேட் என எல்லாவற்றின் சாவியும் இப்போது என் பொறுப்பு. ஒப்படைத்த முறை எப்படி என்றால், ஓர் எவர்சில்வர் டப்பாவை மூடியோடு கையில் கொடுத்தார். உள்ளே பித்தளைச் சாவி, இரும்புச் சாவி, குழாய் போன்ற சாவி, பல் தேய்ந்த சாவி எல்லாம் கலந்து கிடக்கின்றன. பாதி எதற்கென்று அப்பாவுக்கே தெரியவில்லை. மீதிப் பாதியைப் பூட்டின் முன்னால் நின்றால் கை தானாக எடுக்கும் என்கிறார், வாயால் சொல்ல வரவில்லை.

எதை எப்படி இனம் காண்பது? அடையாளம் எப்படிப் போடுவது? அல்லது எல்லாப் பூட்டையும் கழற்றி எறிந்துவிட்டுப் புதிதாக வாங்குவதே மேலா? நான் கோவையில் வேலை பார்க்கிறேன். வாரக் கடைசியில்தான் தோட்டத்துக்குப் போக முடியும்.

உடுமலை வாசகர்

எல்லாச் சாவிகளையும் ஒரு வெள்ளைத் துணியில் பரப்பிப் படம் எடுத்து இங்கே போடுங்கள். ஆளுக்கு ஒன்றாகச் சொல்லிவிடலாம்.

ஈரோடு சாவிக்கடை

படம் வேண்டவே வேண்டாம். பற்கள் தெளிவாகத் தெரியும் ஒரு படம் கிடைத்தால் அதை வைத்தே அளவெடுத்து இன்னொரு சாவி வெட்டிவிட முடியும். புதுவீடு புகும் நாளில் சாவியைக் கையில் பிடித்தபடி படம் எடுத்து ஊருக்கெல்லாம் அனுப்புகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பகீரென்கிறது.

தம்பி, சாவியிலிருந்து தொடங்கினால் இந்த வேலை முடியாது. பூட்டிலிருந்து தொடங்குங்கள். ஒரு நோட்டும் பேனாவும் எடுத்துக்கொண்டு தோட்டத்தை ஒரு சுற்றுச் சுற்றி வாருங்கள். ஒவ்வொரு பூட்டும் எங்கே இருக்கிறது, மேலே என்ன எழுதியிருக்கிறது, எண் ஏதாவது உண்டா, சாவித்துளை என்ன வடிவம் என்று எழுதுங்கள். டப்பாவை அன்று தொடவே வேண்டாம்.

துளையைப் பார்த்தாலே பெரும்பாலான சாவிகள் கழிந்துவிடும். துளைக்குள் நடுவில் ஒரு கம்பி நிற்கிறதா? அதற்குக் குழாய்ச்சாவிதான் நுழையும். குறுகலாக, நெளிந்த கோடுபோல இருக்கிறதா? அது பின் (pin) வகை, உள்ளே சிறு கம்பித் துண்டுகள் இருக்கும். பக்கவாட்டில் பள்ளம் ஓடும் தட்டைச் சாவியை மட்டும் எடுங்கள். மேலே வட்டம், கீழே நீண்ட பிளவு என்றால் பெரும்பாலும் லீவர் பூட்டு. உள்ளே மெல்லிய தகடுகள் அடுக்கடுக்காக இருக்கும். சாவியின் ஒவ்வொரு வெட்டும் ஒரு தகட்டைத் தூக்கும். பூட்டின் மேல் 6 லீவர், 7 லீவர் என்று பொறித்திருப்பது அந்தத் தகடுகளின் கணக்கு.

நுழைந்தும் திரும்பாத சாவியை வலுவாகத் திருகாதீர்கள். உள்ளே முறிந்தால் அப்புறம் அது என் வேலையாகிவிடும்.

பல்லடம் தறிக்காரர்

சாவிக்கடை அண்ணா சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். சாவி திரும்பவில்லை என்றால் தப்பான சாவி என்று உடனே முடிவு கட்டாதீர்கள். எங்கள் பக்கம் தறிக்குடோன் பூட்டெல்லாம் பஞ்சுத்தூசியால் அடைத்துக்கொள்ளும். அதில் எண்ணெய் ஊற்றினால் பஞ்சும் எண்ணெயும் சேர்ந்து களியாகிவிடும். பிறகு எந்தச் சாவியும் திரும்பாது.

இன்னொன்று, வீட்டில் கைக்குக் கிடைப்பது தேங்காய் எண்ணெய்தான் என்று அதை ஊற்றுகிறார்கள். 24 டிகிரிக்குக் கீழே போனால் அது உறையும். மார்கழி விடியற்காலையில் நம் பக்கம் என்ன குளிர் என்று தெரியும் அல்லவா? பாட்டிலுக்குள் கட்டியாக இருப்பது பூட்டுக்குள் மட்டும் ஓடிக்கொண்டிருக்குமா?

ஈரோடு சாவிக்கடை

சரியாகச் சொன்னீர்கள். பின் பூட்டுக்கு எண்ணெயே ஆகாது, கிராபைட் தூள் போதும். கிடைக்காவிட்டால் கறுப்புப் பென்சில் முனையைச் சாவியின் இரண்டு பக்கமும் நன்றாகத் தேய்த்து, உள்ளே விட்டு வெளியே எடுங்கள். நான்கைந்து முறை செய்தால் இளகும். மழையில் நனையும் கேட் பூட்டு லீவர் வகையாக இருந்தால், முதலில் தூசியை ஊதி வெளியேற்றிவிட்டுத் தையல் இயந்திர எண்ணெய் ஒரு சொட்டு விடலாம். ஒரு சொட்டு என்றால் ஒரு சொட்டுதான்.

கோபி வாத்தியார்

இந்த லீவர், பின் என்பவற்றுக்குப் பின்னால் ஒரு நல்ல கதை உண்டு. தகட்டைக் குறைவாகத் தூக்கினாலும் திறக்காது, கூடுதலாகத் தூக்கினாலும் திறக்காது என்ற ஏற்பாட்டுக்கு இங்கிலாந்தில் ராபர்ட் பாரன் 1778இல் காப்புரிமை வாங்கினார். அடுத்து ஜோசப் பிராமா வேறு வகைப் பூட்டு ஒன்றைச் செய்து, திறப்பவருக்கு 200 கினி (அந்தக் கால ஆங்கிலேயப் பொற்காசு) பரிசு என்று அறிவித்துத் தம் கடைச் சன்னலில் வைத்தார். பல பத்தாண்டுகள் யாராலும் முடியவில்லை. 1851இல் லண்டன் பொருட்காட்சிக்கு வந்த அமெரிக்கர் ஆல்பிரட் ஹாப்ஸ் அதைத் திறந்துவிட்டார். 16 நாட்களில் மொத்தம் 51 மணி நேரம் உட்கார்ந்து திறந்தார். இன்று நாம் வீட்டுக் கதவில் பயன்படுத்தும் தட்டைச் சாவிப் பின் பூட்டு, அதற்குப் பத்தாண்டு கழித்து லைனஸ் யேல் என்ற அமெரிக்கர் வடிவமைத்ததன் வழிவந்தது.

ஈரோடு சாவிக்கடை

வாத்தியாரே, கதை அருமை. ஆனால் நம் ஊர்த் திருடனுக்கு 51 மணி நேரம் உட்காரப் பொறுமை கிடையாது, கையில் கடப்பாரை இருக்கிறது. உடைந்த வீடுகளுக்குப் பூட்டு மாட்டப் போகும்போது நான் பார்ப்பது என்னவென்றால், பூட்டு முழுசாகத் தொங்கிக்கொண்டிருக்கும், கொண்டி பெயர்ந்திருக்கும். ஆயிரக்கணக்கில் கொடுத்துப் பூட்டு வாங்கி, அரை அங்குல மரத்திருகில் நிற்கும் கொண்டியில் மாட்டுகிறார்கள். கொண்டிக்கும் நாதாங்கிக்கும் கதவின் மறுபக்கம்வரை போகிற போல்ட் போட்டு, உள்பக்கம் நட்டு வைத்து இறுக்குங்கள். திருகின் தலை வெளியில் தெரியக் கூடாது.

திருப்பூர் வீட்டுக்காரம்மா

எனக்கு வாடகைக்கு விடும் லைன் வீடுகள் இருக்கின்றன. குடியிருப்பவர்கள் பெரும்பாலும் பனியன் கம்பெனிக்குப் போகிறவர்கள், ஒரு வீட்டில் நான்கு பேர் சேர்ந்து இருப்பார்கள். காலி செய்யும்போது இரண்டு சாவியைத் திருப்பித் தருவார்கள். வெளியில் எத்தனை இருக்கிறதோ, அது யாருக்குத் தெரியும்? சாவியை எண்ணி வாங்குவதில் பயனே இல்லை. பூட்டை மாற்றுவது ஒன்றுதான் வழி.

கதவுக்குள் பதிக்கும் பூட்டாக இருந்தால் முழுப் பூட்டையும் மாற்றத் தேவையில்லை. நடுவில் சாவி நுழையும் சிலிண்டரை மட்டும் மாற்றினால் போதும். கதவின் விளிம்பில் ஒரே ஒரு நீளத் திருகு இருக்கும். அதைக் கழற்றிவிட்டுச் சாவியைப் போட்டுச் சிறிது திருப்பினால் சிலிண்டர் வெளியே வந்துவிடும். நான் ஒரு சிலிண்டரைக் கூடுதலாக வாங்கி வைத்திருக்கிறேன். அ வீட்டிலிருந்து கழற்றியது ஆ வீட்டுக்குப் போகும், ஆ வீட்டினுடையது இ வீட்டுக்கு. எந்தச் சாவி எந்த வீட்டைத் திறக்கும் என்பது என் நோட்டில் மட்டும் இருக்கிறது.

ஈரோடு சாவிக்கடை

அக்கா, கணக்கு நன்றாக இருக்கிறது. ஒன்று மட்டும் பாருங்கள். சிலிண்டர் வாங்கும்போது நடுத்திருகிலிருந்து இரண்டு பக்கமும் தனித்தனியாக அளவெடுங்கள். வெளிப்பக்கம் தகட்டை விட்டு மூன்று மில்லிமீட்டருக்கு மேல் நீட்டிக்கொண்டிருந்தால் இடுக்கியில் பிடித்து ஒடித்துவிடுவார்கள். ஒரே குடித்தனக்காரர் பல வீடுகளின் சாவியை வைத்திருப்பார் என்ற பயம் இல்லாவிட்டால் மாற்றி மாற்றிப் போடுவதில் தவறில்லை.

காங்கயத்துக்காரன்

பெரிய உதவி. போன வாரக் கடைசியில் டப்பாவை வீட்டிலேயே வைத்துவிட்டு நோட்டோடு சுற்றி வந்தேன். பூட்டுகள் நான் நினைத்ததைவிடக் குறைவு, சாவிகள்தான் அதிகம். மறுநாள் அப்பாவையும் காரில் அழைத்துப் போனேன். அவர் சொன்னது சரிதான், பூட்டைத் தொட்டதும் கை சரியான சாவியைத் தேடிப் பிடிக்கிறது. மோட்டார் ரூமில் இருப்பது திண்டுக்கல் மாங்காய்ப் பூட்டு, தாத்தா காலத்தது. பூட்டாமல் அதிலிருந்து சாவியை உருவ முடியவில்லை. கெட்டுப்போய்விட்டதா?

ஈரோடு சாவிக்கடை

கெடவில்லை, அதன் அமைப்பே அப்படி. பூட்டினால்தான் சாவி வெளியே வரும். மோட்டார் ரூமுக்கு அதைவிட நல்ல ஏற்பாடு கிடையாது. ஸ்டார்ட்டரைப் போட்டுவிட்டுப் பூட்ட மறந்து வீட்டுக்குப் போனால் சட்டைப்பையில் சாவி இருக்காது. அப்போதே தெரிந்துவிடும். அழுத்தினால் பூட்டிக்கொள்ளும் வகை இதற்கு நேர் எதிர். சாவியை உள்ளே வைத்துவிட்டு வெளியே அழுத்திவிட்டு வருகிறவர்களால்தான் என் பிழைப்பு பாதி ஓடுகிறது.

அந்த மாங்காய்ப் பூட்டை எறிந்துவிடாதீர்கள். திண்டுக்கல் பூட்டுக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது. கையால் அராவிச் சேர்த்த லீவர்கள் என்பதால் ஒன்றின் சாவி இன்னொன்றில் சேராது. கடையில் அட்டைப்பெட்டியில் கொட்டிக் கிடக்கும் மலிவுப் பூட்டை வாங்கினால், பக்கத்துத் தோட்டத்துக்காரர் சாவி உங்கள் கேட்டைத் திறந்தாலும் திறக்கும்.

பெருந்துறை மென்பொருளன்

இவ்வளவு பாடு எதற்கு? சாளைக் கதவுக்கு விரல்ரேகைப் பூட்டு ஒன்று போட்டுவிடுங்கள். தோட்டத்து ஆளுக்கு ஓர் எண் கொடுங்கள், வேலையை விட்டுப் போனால் அந்த எண்ணை அழித்துவிடுங்கள். சாவியே வேண்டாம்.

பல்லடம் தறிக்காரர்

மஞ்சள் பறித்த கைக்கு ரேகை எங்கே இருக்கிறது தம்பி? எங்கள் அம்மாவுக்கு ரேசன் கடையில் விரல் வைத்தாலே இயந்திரம் ஏற்பதில்லை.

பெருந்துறை மென்பொருளன்

ரேகை விழாதவர்களுக்கு எண் இருக்கிறது அண்ணா. மின்தடைக்கும் பயமில்லை, பேட்டரியில்தான் ஓடும். தீரப்போகும்போது முன்கூட்டியே ஒலி எழுப்பும். பல மாடல்களில் 9 வோல்ட் பேட்டரியை வெளியிலிருந்து தொட்டுவைத்துத் திறக்கும் வசதியும் உண்டு.

திருப்பூர் வீட்டுக்காரம்மா

அந்தப் பூட்டுகளோடும் ஒரு சாவி வருகிறது, அவசரத்துக்கு. வாங்கிய அன்றே அதை உள்ளே பீரோவில் வைத்துப் பூட்டிவிடுகிறார்கள். அவசரம் வெளியில் நிற்கும்போதுதான் வரும்.

ஈரோடு சாவிக்கடை

ஊருக்குள் வீட்டுக்குச் சரி. ஆள் நடமாட்டம் இல்லாத தோட்டத்தில், வெயிலும் சாரலும் நேராகப் படும் கதவில் நான் அதை மாட்டமாட்டேன். கம்பிக் கேட்டுக்கு எப்படியும் தொங்குபூட்டுதான்.

காங்கயத்துத் தம்பிக்கு என் யோசனை: கேட், மோட்டார் ரூம், கொட்டகை போன்ற வெளிப்பூட்டுகளை ஒரே சாவியில் திறக்கும் தொகுப்பாக வாங்குங்கள், கேட்டால் கிடைக்கும். மாங்காய்ப் பூட்டு மட்டும் அப்படியே இருக்கட்டும். சாளைக்கும் தவசம் போடும் அறைக்கும் வெவ்வேறு சாவி. தோட்டத்து ஆளிடம் முதல் வகைச் சாவி மட்டும் போகும்.

உடுமலை வாசகர்

ஒரே சாவி என்றால், ஒன்று தொலைந்தால் எல்லாமே போயிற்றே?

ஈரோடு சாவிக்கடை

ஆமாம், எல்லாவற்றையும் மாற்ற வேண்டும். அதனால்தான் மாடு திருடு போகும் இடத்துக்கும் மண்வெட்டி இருக்கும் இடத்துக்கும் ஒரே சாவி போடக் கூடாது என்று நானே சொல்வேன். கொட்டகையில் மாடு கட்டினால் அதைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள்.

கரூர் ஓய்வு வங்கியாளர்

டப்பாவில் எந்தப் பூட்டிலும் சேராமல் கனமாக, நீளமாக ஒரு சாவி கிடந்தால் அதை ஒதுக்கி வைத்து நன்றாகப் பாருங்கள். வங்கி லாக்கர் சாவியாக இருக்கலாம். வங்கி, கிளை ஆகியவற்றை அடையாளம் காட்டும் குறியீடு லாக்கர் சாவியில் பொறிக்கப்பட வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. பழைய சாவியில் அது இல்லாமலும் இருக்கலாம்.

லாக்கரைத் திறக்க வங்கியின் சாவியும் உங்கள் சாவியும் சேர வேண்டும். உங்கள் சாவிக்கு வங்கியிடம் பிரதி கிடையாது. தொலைந்தால் எழுத்தில் தெரிவிக்க வேண்டும். உங்கள் முன்னிலையில் உடைத்துப் புதுப் பூட்டு மாற்றுவார்கள், செலவு உங்களுடையது. 2021 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி வெளியிட்ட திருத்தப்பட்ட விதிகள் 2022 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தன. தீ, திருட்டு, கட்டட இடிபாடு, ஊழியர் மோசடி ஆகியவற்றால் இழப்பு வந்தால் வங்கியின் பொறுப்பு ஆண்டு வாடகையின் 100 மடங்கு வரை. மூன்று ஆண்டு வாடகை பாக்கி விழுந்தால் வங்கி லாக்கரைத் திறக்கலாம். வாடகை ஒழுங்காகக் கட்டிவந்தாலும், ஏழு ஆண்டுகள் யாரும் வந்து திறக்காமல் இருந்து, வாடகைதாரரையும் கண்டுபிடிக்க முடியாவிட்டால் அப்போதும் திறக்கலாம். அப்பா நினைவோடு இருக்கும்போதே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். வாரிசு நியமனம் இருக்கிறதா என்பதையும் சேர்த்துக் கேளுங்கள்.

வண்டிச் சாவிக்கும் ஒரு வார்த்தை. வண்டி திருடு போனால் காப்பீட்டு நிறுவனம் இரண்டு சாவிகளையும் கேட்கும். இரண்டாவது சாவி வாங்கிய நாளிலிருந்து எங்கே என்று பலருக்குத் தெரியாது.

பொள்ளாச்சி அம்மணி

அடையாளம் போடுவது பற்றி யாரும் சொல்லவில்லையே. பெயர் எழுதிய அட்டை கட்டக் கூடாது. "சாளை முன்கதவு" என்று எழுதிய சாவி வழியில் விழுந்தால், எடுத்தவனுக்கு நாமே வழி சொன்னதுபோல ஆகும். எண் மட்டும் போடுங்கள், எண்ணுக்கு விளக்கம் நோட்டில் இருக்கட்டும். நோட்டும் சாவியும் ஒரே இடத்தில் இருக்கக் கூடாது.

நிறம் பூசுவது இளையவர்களுக்குச் சரி. என் மாமியாருக்குக் கண்புரை, சிவப்பும் பழுப்பும் அவருக்கு ஒன்றுதான். அவருக்காகச் சாவியின் தலையில் அரத்தால் வெட்டுப் போட்டோம். ஒரு வெட்டு என்றால் முன்கதவு, இரண்டு என்றால் பின்கதவு, வெட்டே இல்லாதது பூசை அறை. இருட்டிலும் விரல் சொல்லிவிடும். திருப்பூர்ப் பக்கம் இருப்பவர்கள் பனியன் கம்பெனிக் கட்டிங் வேஸ்ட் துணியைக் கிழித்துக் கட்டலாம். காசும் இல்லை, கொத்தும் குலுங்காது.

ஈரோடு சாவிக்கடை

வெட்டு நல்ல யோசனை. தலையில் மட்டும் போடுங்கள், தண்டில் போட்டால் அங்கேதான் முறியும்.

மாற்றுச் சாவி எடுக்கும்போது பூட்டோடு வந்த கம்பெனிச் சாவியைக் கொண்டு வாருங்கள். மாற்றுச் சாவியிலிருந்து இன்னொரு மாற்று, அதிலிருந்து இன்னொன்று என்று எடுத்தால் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் பிசகும், நான்காவது சாவி திரும்பாது. கம்பெனிச் சாவியைப் பத்திரப்படுத்திவிட்டு மாற்றுச் சாவியைப் புழங்குங்கள். எல்லோரும் தலைகீழாகச் செய்கிறார்கள். பீரோ, மேசை இழுப்பறைப் பூட்டின் முகத்தில் ஓர் எண் இருக்கும், அதை நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். சாவி தொலைந்தாலும் பல கம்பெனிப் பூட்டுகளுக்கு எண்ணைச் சொன்னால் சாவி கிடைக்கும். அதனாலேயே அந்த எண்ணை வெளியாள் பார்க்கும்படி விடாதீர்கள்.

தாராபுரம் செவிலி

பூட்டி வைப்பதைப் பற்றியே பேசுகிறீர்கள். உள்ளேயிருந்து வெளியே வருவதையும் பேச வேண்டும். 2024இல் பல்லடம் பக்கத்திலும் 2025இல் சிவகிரி பக்கத்திலும் தோட்டத்து வீடுகளில் நடந்த கொலைகளுக்குப் பிறகு, தனியாக இருக்கும் பெரியவர்கள் கிரில் கேட்டை உள்ளே தொங்குபூட்டால் பூட்டிவிட்டுப் படுக்கிறார்கள். பயம் நியாயமானது. ஆனால் நள்ளிரவில் நெஞ்சுவலி வந்தாலோ மின்கசிவில் புகை சூழ்ந்தாலோ அந்தச் சாவி எங்கே? தலையணைக்கு அடியிலா, அடுத்த அறையிலா? ஆம்புலன்ஸ் வந்து வெளியே நின்றுகொண்டு கேட்டைத் தட்டும் வீடுகளை எங்களுக்குத் தெரியும்.

உள்பக்கம் தாழ்ப்பாளும் கைப்பிடியால் திருப்பும் பூட்டும் போடுங்கள், சாவி போட்டுத்தான் திறக்க வேண்டும் என்ற நிலை வேண்டாம். தொங்குபூட்டுதான் என்றால் சாவிக்குக் கதவருகே ஓர் ஆணி, சன்னலிலிருந்து கைக்கு எட்டாத தூரத்தில். இருட்டில் கண்ணை மூடிக்கொண்டு எடுத்துத் திறந்து பழகச் சொல்லுங்கள். இன்னொரு சாவி பக்கத்தில் இருக்கும் சொந்தக்காரரிடம்.

திருப்பூர் வீட்டுக்காரம்மா

இதை நானும் வழிமொழிகிறேன். இரவில் ஆட்களை உள்ளே வைத்துக் கதவை வெளியே பூட்டும் வழக்கம் சில தொழிலாளர் விடுதிகளில் இன்னும் இருக்கிறது. தீ ஏற்பட்டால் எல்லோரும் தப்பிக்க வழி இருக்க வேண்டும் என்று 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் 38ஆம் பிரிவே சொன்னது. விடுதிக்கு மட்டும் வேறு நியாயம் இருக்க முடியுமா?

உடுமலை வாசகர்

தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடந்து போகிறோம். வீட்டில் ஆளில்லை. பூந்தொட்டிக்கு அடியில் சாவி வைப்பதுதான் எங்கள் வழக்கம்.

ஈரோடு சாவிக்கடை

பூந்தொட்டி, நிலைப்படி மேல், செருப்பு அலமாரி, மீட்டர் பெட்டி. திருடன் பார்க்கும் வரிசையும் இதுதான். முன்கதவில் வெளியே பெரிய பூட்டைத் தொங்கவிட்டால் ஆளில்லை என்று வீதிக்கே அறிவிப்பு. முன்கதவை உள்ளே பூட்டிவிட்டுப் பின்கதவு வழியாகப் புறப்படுங்கள், அல்லது கதவுக்குள் பதித்த பூட்டைப் போடுங்கள். காவல் நிலையத்தில் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போனால் ரோந்து வரும்போது பார்ப்பார்கள்.

காங்கயத்துக்காரன்

நிலவரம் சொல்கிறேன். எல்லாப் பூட்டுக்கும் சாவி சேர்ந்துவிட்டது, தவசம் போடும் அறை மட்டும் பாக்கி. அதற்கு இருப்பது தேய்ந்த சாவி ஒன்றுதான், ஆட்டி ஆட்டித்தான் திறக்கிறது. நீளமான சாவி ஒன்று கிடந்தது, ஆனால் அதில் குறியீடு எதுவும் இல்லை. அப்பாவிடம் கேட்டால், பழைய நெல்லுக்குதிர்க் கதவின் சாவி, கதவை விற்றே பல வருடம் ஆயிற்று என்கிறார். லாக்கர் ஒன்று இருப்பது மட்டும் அம்மாவின் பேச்சில் வெளிவந்தது. சாவி அம்மாவின் டிரங்குப் பெட்டியில் இருக்கிறது. வாரிசு நியமனம் இல்லை. திங்கட்கிழமை வங்கிக்குப் போகிறோம்.

எதிலும் சேராமல் மிஞ்சிய சாவிகளை என்ன செய்வது? அப்பா எறிய விடமாட்டேன் என்கிறார்.

பொள்ளாச்சி அம்மணி

ஒரு வருடம் தனிப்பையில் போட்டு வையுங்கள் கண்ணு. கேட்க ஆள் வராவிட்டால் பித்தளையைப் பாத்திரக்கடையில் எடைக்குப் போட்டுவிடலாம்.

ஈரோடு சாவிக்கடை

எடைக்குப் போடும் முன் பற்களை அரத்தால் ஓர் இழுப்பு இழுத்துவிடுங்கள்.

தவசம் போடும் அறையின் தேய்ந்த சாவியை வைத்து மாற்றுச் சாவி எடுக்காதீர்கள், தேய்மானமும் சேர்ந்தே வரும். கடைக்கு வரும்போது பூட்டையும் கழற்றிக் கொண்டு வாருங்கள். லீவரைப் பார்த்து அளவெடுத்துப் புதிதாக வெட்டித் தருகிறேன். சனிக்கிழமை மதியத்துக்கு மேல் வந்தால் கூட்டம் இருக்காது.